மலையும் மனையும் மனமும்: வில்லியம் ஜேம்ஸின் வாழ்வு

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலே சொகோருவா என்னும் பெயருடைய மலை ஒன்றுண்டு. அதன் அடிவாரத்தில் ஓர் ஏரி. ஏரிக்கு அணித்தாய் ஒரு பண்ணை வீடு. 1886 ஆம் ஆண்டில் அவ்வீட்டை வாங்கிய மனிதர், பின்னர் தம் தங்கையிடம் அதன் சிறப்பை எடுத்துரைத்தபோது, அறைகளைப் பற்றியோ தளபாடங்களைப் பற்றியோ பேசவில்லை. பதினான்கு கதவுகள் இருக்கின்றன, அத்தனையும் வெளியே திறக்கின்றன என்று சொல்லியே மகிழ்ந்தார். நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த தங்கை இதனைத் தம் நாட்குறிப்பிற் பதிந்துவிட்டு, அண்ணனுடைய மூளைக்கோ வாசல்கள் பதினான்கோடு நின்றுவிடவில்லை என்ற பொருள்பட ஒரு குறும்பு மொழியையும் சேர்த்து வைத்தார். அந்த அண்ணன் வில்லியம் ஜேம்ஸ். அமெரிக்க உளவியலின் தந்தை என உலகம் போற்றும் பேராசிரியர்.

சிந்தனையின் வரலாற்றை எழுதுவோர் பலர் சிந்தனையாளனை உடலும் உறவும் அற்றவனாகவே நம்முன் நிறுத்துகின்றனர். அவன் பிறந்தான், நூல்கள் எழுதினான், இறந்தான் என்பதோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகின்றது. அவனுக்கு மனைவி இருந்தாளா, அவள் என்ன சுமந்தாள், அவனுடைய குழந்தை இறந்தபோது அவன் என்ன செய்தான், அவனுடைய நாடு பிறிதொரு நாட்டின் மீது படை நடத்தியபோது அவன் வாய் திறந்தானா என்ற கேள்விகளை அவர்கள் எழுப்புவதில்லை. மனித மனத்தை ஆராய்ந்த ஒருவனுடைய வாழ்வையே இவ்வாறு மனிதம் நீக்கி எழுதுதல் பெரும் முரண்பாடு அன்றோ? ஆகவே, ஜேம்ஸின் நூல்களை மட்டுமன்றி, அவர் நேசித்த குடும்பத்தையும், அவர் ஏறி இறங்கிய மலைகளையும், அவர் எடுத்த அரசியல் நிலைப்பாட்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாறு நோக்குமிடத்து, நாம் ஏற்கத்தக்கனவும் மறுக்கத்தக்கனவும் தெளிவாகப் புலனாகும்.

ஜேம்ஸ் 1842 ஜனவரி 11 ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். பாட்டனார் வணிகத்திலும் நிலத்திலும் பெருஞ்செல்வம் திரட்டியவர். தந்தையார் ஹென்றி ஜேம்ஸ் சிறுவனாயிருந்தபோது நேர்ந்த தீ விபத்தில் ஒரு காலை இழந்தவர். சமய தத்துவ ஆராய்ச்சியிலே வாழ்நாளைக் கழித்தவர். உழைத்து உண்ண வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாத இல்லம் அது. பிள்ளைகளின் கல்விக்கென அவர் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமாக அலைந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் வில்லியம். அடுத்தவர் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஹென்றி. பின் வில்க்கி, றொபேட்சன் என்ற இரு தம்பியர். கடைசியாகத் தங்கை அலிஸ். இந்தக் குடும்பத்தின் பாசம் மிக ஆழமானது. அதே வேளையில் நோயும் மனச்சோர்வும் அவ்வீட்டில் நிரந்தர விருந்தினராயிருந்தன என்பதையும் மறைத்தல் ஆகாது.

வில்லியம் முதலில் ஓவியராக விரும்பினார். ஓராண்டளவு அதனைக் கற்றுக் கைவிட்டு, 1861 இல் ஹாவார்டில் விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தார். அதே ஆண்டில் அடிமை முறை பற்றிய முரண்பாட்டிலிருந்து எழுந்த உள்நாட்டுப் போர் தொடங்கிற்று. மூத்தவர் இருவரும் படையிற் சேரவில்லை. இளையவர் இருவரும் சேர்ந்தனர். அதுவும் கறுப்பு இனத்தவரைக் கொண்டு அமைக்கப்பட்ட மசசூசெட்ஸ் படைப்பிரிவுகளிலே சேர்ந்தனர். 1863 ஜூலையில் வாக்னர் கோட்டை மீது 54 ஆம் படைப்பிரிவு நடத்திய தாக்குதலில் வில்க்கி படுகாயமுற்று வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். படுக்கையிற் கிடந்த தம்பியின் முகத்தை வில்லியம் பென்சிலால் வரைந்த சித்திரம் இன்றும் உண்டு. அந்தச் சித்திரத்தின் பின்னே ஒரு குற்றவுணர்வும் ஒளிந்திருந்தது போலும். முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 1897 மே 31 அன்று, அப்படைப்பிரிவின் தலைவரான றொபேட் கூல்ட் ஷோவுக்குப் பொஸ்டன் நகரிலே நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது பேருரை நிகழ்த்தும் பொறுப்பு ஜேம்ஸிடம் வந்தது. அன்று அவர் போர்க்களத்து வீரத்தை மட்டும் பாடவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து களத்திற் பாயும் துணிவைக் காட்டிலும், தனியொருவராய் நின்று ஊரின் தீமையை எதிர்க்கும் குடிமைத் துணிவு அரியது என்று எடுத்துரைத்தார். அச்சொல்லை அவர் தாமே காப்பாற்ற வேண்டிய காலம் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மருத்துவ மாணவராயிருந்தபோது, 1865 இல், உயிரியலறிஞர் லூயி அகாசிஸ் தலைமையிற் பிறேசிலுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் ஜேம்ஸும் ஒருவராய்ச் சென்றார். அகாசிஸ் டார்வினின் பரிணாமக் கொள்கையை எதிர்த்தவர். மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை என்று நம்பியவர். அமேசன் ஆற்றிலே மீன்களைச் சேகரித்ததோடு, தம் இனக்கொள்கைக்குச் சான்று தேடி அந்நாட்டு மக்களின் உடல்களையும் புகைப்படங்களிற் பதிவு செய்வித்தார். இருபத்துமூன்று வயது இளைஞரான ஜேம்ஸோ அம்மை நோயினால் வருந்தினார். சில காலம் கண்பார்வையும் மங்கிற்று. உயிரினங்களைச் சேகரிக்கும் தொழில் தமக்கு ஒவ்வாதென்பதை அங்கேயே உணர்ந்துகொண்டார். ஆனால் அந்த ஆற்றங்கரையில் ஒரு மாலைப் பொழுதில், சுதேச மக்கள் தம்முள் உரையாடிய இனிமையையும் பண்பையும் கண்டு வியந்து, ஐரோப்பியக் கனவான் எவனுக்கும் குறையாத இந்த நயத்தக்க நாகரிகம் இனத்தாலே வந்ததா, சூழ்நிலையாலே வந்ததா என்று தம் குறிப்பில் வினவினார். ஆசிரியர் மண்டையோடுகளையும் உடலளவுகளையும் நோக்கிய இடத்திலே மாணவர் மனிதரின் பேச்சை நோக்கினார். வருங்கால உளவியலறிஞரின் முதற் சுவடு இதுவெனலாம்.

1869 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் மருத்துவராய்த் தொழில் புரிந்தாரல்லர். முதுகு நோவு, கண் நோவு, உறக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவை அவரைச் சூழ்ந்தன. 1870 மார்ச்சில் அவர் அன்புகொண்டிருந்த மைத்துனி மின்னி டெம்பிள் காசநோயால் மறைந்தார். அக்காலத்தை அண்டி, முன்பு மருத்துவமனை ஒன்றிற் கண்ட வலிப்பு நோயாளி ஒருவனின் உருவம் அவர் மனக்கண்முன் தோன்றி, தாமும் அவனும் வேறல்லர் என்ற பேரச்சத்தில் அவரை ஆழ்த்திற்று. இந்த அனுபவத்தைப் பல ஆண்டுகளின் பின், பெயர் கூறாத பிரெஞ்சு அன்பர் ஒருவருடையதென மறைத்துத் தம் நூலிற் சேர்த்தார். 1870 ஏப்ரில் 30 அன்று, பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனூவியேயின் எழுத்தைப் படித்த உந்துதலில், மனிதனுக்குச் சுயேச்சையான சித்தம் உண்டென்று நம்புவதே தமது சுயேச்சையின் முதற் செயலாக இருக்கட்டும் என நாட்குறிப்பில் எழுதினார். ஒரே நாளில் நோய் பறந்துவிட்டதென்று கதை சொல்வோர் உளர். அது உண்மையன்று. சோர்வு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. எனினும், அதனோடு போராடுவதற்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. 1873 இல் ஹாவார்டில் உடற்றொழிலியல் கற்பிக்கும் பணியும் கிடைத்தது. உடற்றொழிலியலிலிருந்து உளவியலுக்கும், உளவியலிலிருந்து தத்துவத்துக்குமாக அவர் நடந்த பாதை அங்கே தொடங்கிற்று.

அந்த ஆண்டுகளிலேயே அவர் மலைகளையும் கண்டடைந்தார். நியூயோர்க் மாநிலத்தின் வடபால் அடிரொண்டாக் மலைத்தொடரிலே கீன் பள்ளத்தாக்கு உள்ளது. வைத்திய நண்பர்களான பௌடிச்சும் பட்னம் சகோதரர்களும் ஜேம்ஸும் சேர்ந்து அங்கே ஒரு பண்ணைக் குடியிருப்பை வாங்கி, கோடைக்கால முகாமாக்கினர். நகரத்துப் பேராசிரியர்கள் முரட்டுச் சட்டை அணிந்து, ஓடையிலே குளித்து, மலையேறி, இரவில் நெருப்பைச் சுற்றியமர்ந்து வாதிட்ட இடம் அது. இயற்கை ஜேம்ஸுக்கு ஓய்வுக்கான இடமாக மட்டும் இருக்கவில்லை. அவருடைய சிந்தனைக்கு உவமைகளைத் தந்த சுரங்கமாகவும் விளங்கிற்று. மனம் துண்டு துண்டான எண்ணங்களைக் கோத்த சங்கிலியன்று, இடையறாது ஓடும் ஆறு என்றார். அவ்வோட்டத்தை, பறப்பதும் கொம்பில் அமர்வதுமாக மாறி மாறி இயங்கும் பறவையின் வாழ்வோடு ஒப்பிட்டார். உணர்ச்சி பற்றிய அவரது புகழ்பெற்ற கொள்கைக்கும் காட்டுக் கரடியே உதாரணமாயிற்று. கரடியைக் கண்டு அஞ்சியதால் ஓடுகின்றோம் என்பது ஊரார் கருத்து. ஓடுவதாலும் உடல் நடுங்குவதாலுமே அஞ்சுகின்றோம் என்பது ஜேம்ஸின் கருத்து. உடலைப் பிரித்து வைத்து மனத்தை அறிய முடியாது என்பதே இதன் சாரம். பின்வந்தோர் இக்கொள்கையைத் திருத்தினர். ஆயினும் மனத்தை ஆன்மிக மூடுபனியிலிருந்து உடலின் மண்ணுக்கு இறக்கிய பணியில் இதற்கு உரிய இடத்தை எவரும் மறுப்பதற்கில்லை.

1878 ஜூலை 10 அன்று ஜேம்ஸ், பொஸ்டன் நகரிலே பாடசாலை ஆசிரியையாயிருந்த அலிஸ் கிபென்ஸ் என்பவரை மணந்தார். புதுமணத் தம்பதியர் சென்ற இடமும் கீன் பள்ளத்தாக்கே. அந்த ஆண்டிலேயே வெளியீட்டாளர் ஒருவருக்கு உளவியல் நூலொன்று எழுதித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். மலைச்சாரலிலே கணவன் சொல்ல மனைவி எழுத, அந்நூல் தொடங்கிற்று. இரண்டாண்டில் முடிப்பதாகச் சொன்ன நூல் பன்னிரண்டு ஆண்டுகள் இழுபட்டு, 1890 இலே ‘உளவியலின் தத்துவங்கள்’ என்ற பெயரில் இரு பாகங்களாய், ஏறக்குறைய 1400 பக்கங்களில் வெளிவந்தது. நூலின் முகப்பிற் கணவன் பெயர் மட்டுமே உள்ளது. அதன் முதற் கையெழுத்துப் படிகளில் மனைவியின் கையும் உண்டென்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஜேம்ஸ் தம் மக்களை உயிராய் நேசித்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சான்று. எனினும் நேசமும் பொறுப்பும் எப்பொழுதும் ஒன்றாய் நடப்பதில்லை. 1882 ஜூனில் இரண்டாவது மகன் பிறந்தான். அவ்வாண்டு செப்ரெம்பரில் தகப்பன் தனியே ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். இரு சிறுவரோடு வீட்டிலிருந்தவர் அலிஸ். அறிவுத் தேட்டத்துக்கும் உடல்நலத்துக்கும் தனிமையை நாடும் உரிமை கணவனுக்கு இருந்தது, மனைவிக்கு இருக்கவில்லை. அக்காலத்துச் சமூகம் இதனை இயல்பென்றே கொண்டது. நாம் அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை.

அந்தப் பயணத்தின்போதே தந்தையார் மரணப் படுக்கையில் வீழ்ந்தார். 1882 டிசெம்பர் 14 அன்று இலண்டனிலிருந்து வில்லியம் தந்தைக்கு விடைபெறும் கடிதம் ஒன்றை எழுதினார். தம் சிந்தனை வாழ்வு முழுவதும் தந்தையிடமிருந்தே வந்ததென்று நன்றி கூறிய கடிதம் அது. ஆனால் கடிதம் கடல் கடந்து சேருமுன், 18 ஆந் திகதி தந்தை கண்மூடினார். தமையனின் கடிதத்தைத் தம்பி ஹென்றி எடுத்துச் சென்று, உறைபனி மூடிய கல்லறையின் அருகில் தனியே நின்று உரத்து வாசித்தார். கேட்க வேண்டியவர் மண்ணுள் இருந்தார்.

மூன்றாவது மகன் ஹேர்மன் 1884 இற் பிறந்தான். 1885 ஜூலையில், ஒன்றரை வயதுகூட நிறையாத நிலையில், கக்குவான் இருமலும் நியூமோனியாவும் அவனைக் கொண்டு போயின. இந்நோய்களுக்கான தடுப்பூசியும் நுண்ணுயிர் எதிர் மருந்தும் தோன்றாத காலம். மருத்துவப் பட்டம் பெற்ற தகப்பனாலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அடுத்த ஆண்டிலே வாங்கப்பட்டதுதான் சொகோருவாப் பண்ணை வீடு. எஞ்சிய குழந்தைகள் வெயிலிலும் காற்றிலும் ஓடி விளையாட வேண்டும் என்ற பெற்றோரின் ஏக்கத்தையும் அந்தப் பதினான்கு கதவுகளிடையே நாம் காண்கின்றோம்.

மகள் மார்கரெட் பதின்மூன்று வயதில், பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்தில் இருந்து பயின்றபோது, மனந் தளர்ந்து எழுதினாள். அப்பொழுது ஜேர்மனியில் இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த தகப்பன் 1900 மே மாதத்தில் அவளுக்கு எழுதிய பதில், தடித்த உளவியல் நூல் பலவற்றினும் மேலானது. துயரம் அலையலையாக வரும். சில வேளை நாட்கணக்கில் நிற்கும். அப்பொழுது நம்மீதே வெறுப்பும் பிறர்மீது எரிச்சலும் தோன்றும். ஆனால் அது கடந்து போகும் என்று ஒரு தோழனைப் போல அவளிடம் பேசினார். அத்துயரத்தை அணைத்துக்கொண்டு அதிலே ஒருவகைச் சுகம் காண்பதே ஆபத்து. பிறரோடு கலந்து பேசு, வியர்க்கும்படி ஏதேனும் கடின வேலை செய் என்றார். இவ்வறிவுரை எந்த ஆய்வுகூடத்திலும் பிறந்ததன்று. 1870 இல் தாம் மூழ்கிய இருளிலிருந்து, மகளுக்கு ஒரு விளக்கை எடுத்து வந்து கொடுத்தார் தகப்பன்.

வீட்டின் கதவுகளைப் போலவே வகுப்பறையின் கதவுகளையும் வெளியே திறக்க முயன்றவர் ஜேம்ஸ். 1890 இல் மேரி விற்றன் கல்கின்ஸ் என்னும் இளம் ஆசிரியை அவரிடம் பயில விரும்பினார். ஹாவார்ட் பல்கலைக்கழகம் அக்காலத்திற் பெண்களை மாணவராய் ஏற்கவில்லை; பெருமுயற்சியின் பின் விருந்தினராக மட்டும் அனுமதி கிடைத்தது. வகுப்பில் இருந்த ஆடவர் விலகிச் சென்றனர். புதிதாய் வெளிவந்த நூலை நடுவில் வைத்து, நூலக அறையின் கணப்பருகே இருபுறமும் அமர்ந்து ஆசிரியரும் மாணவியும் பாடம் நடத்தினர். கல்கின்ஸ் 1895 இல் கலாநிதிப் பட்டத்துக்குரிய பரீட்சையில் தேறியும், பெண் என்ற காரணத்தால் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்க மறுத்தது. பட்டமற்ற அந்தப் பெண்மணியே 1905 இல் அமெரிக்க உளவியற் கழகத்தின் தலைவரானார். கறுப்பின மக்களின் பெருந்தலைவராகப் பின்னாளில் விளங்கிய டூ போய்சும் ஜேம்ஸின் மாணவரே. நிறவெறி நிறைந்த அந்நாட்டிலே அவர் ஜேம்ஸின் இல்லத்துக்கு விருந்தினராய் வந்து போனார். 1903 இல் டூ போய்ஸ் தம் மக்களின் ஆன்மா பற்றிய நூலை வெளியிட்டபோது, ஜேம்ஸ் அதனைத் தம்பி ஹென்றிக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னார். கறுப்பு மக்களைக் கும்பலாய்க் கூடிக் கொலைசெய்யும் கொடுமையைக் கண்டித்து அதே ஆண்டிற் பத்திரிகையிலும் எழுதினார். மனநோயாளர் விடுதிகளிலே தாம் அனுபவித்த கொடுமையை வெளிப்படுத்தி 1908 இல் கிளிபேட் பியர்ஸ் நூல் எழுதியபோது, அதற்குத் தம் ஆதரவை நல்கி, மனநல இயக்கம் உருவாகத் துணைநின்றவரும் இவரே.

இனி, 1898 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை மாதத்திலே, ஐம்பத்தாறு வயதில், பதினெட்டு இறாத்தல் நிறையுள்ள பொதியைத் தாமே சுமந்து, நியூயோர்க் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான மார்சியில், 5300 அடிக்கு மேல், அவர் ஏறினார். அன்றிரவு இளைஞர் சிலரோடு காட்டு முகாமிலே தங்கினார். நிலவு காய்ந்தது, உறக்கம் வரவில்லை. எழுந்து காட்டிடையே நடந்தார். மனைவியின் நினைவும், மக்களின் நினைவும், எடின்பரோவில் நிகழ்த்த வேண்டிய சமய விரிவுரைகளின் நினைவும் ஒன்றாகக் கொதித்தன என்று மனைவிக்கு எழுதினார். மலையும் மனையும் மனமும் ஒன்றிய இரவு அது. அந்த விரிவுரைகளே 1902 இல் ‘சமய அனுபவத்தின் பல்வகைகள்’ என்னும் நூலாயின. ஆனால் மறுநாளும் பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்த நடை அவரது இருதயத்தை நிரந்தரமாய்ப் பாதித்தது. 1899 இல் அதே மலையில் வழிதவறி அலைந்தமை நோயை முற்றச் செய்தது. அவர் நேசித்த மலையே அவரது உயிருக்கு எல்லை குறித்தது.

அதே காலத்தில் அவருடைய நாடு வேறொரு மலையில் ஏறிக்கொண்டிருந்தது. 1898 இல் ஸ்பானியரை வென்ற அமெரிக்கா, டிசெம்பரிற் செய்த உடன்படிக்கையின்படி இரண்டு கோடி டொலரை ஸ்பெயினுக்குக் கொடுத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தன் உடைமையாக்கிற்று. ஸ்பானியரை எதிர்த்துப் போராடித் தம் குடியரசைப் பிரகடனம் செய்திருந்த பிலிப்பினோ மக்களை எவரும் கேட்கவில்லை. 1899 பெப்ரவரியில் அவர்கள் மீது போர் மூண்டது. விடுதலை, நாகரிகம், வெள்ளையனின் கடமை என்ற சொற்கள் பத்திரிகைகளில் முழங்கின. அக்காலையிலே ஜேம்ஸ் பொஸ்டன் நகரப் பத்திரிகைக்கு எழுதினார். ஒரு மக்கட் கூட்டம் தன்னைத் தானே ஆண்டுகொள்ள எடுக்கும் முயற்சி உலகிற் புனிதமானது; அதனை நாம் நசுக்குகின்றோம் என்று தம் அரசை நேரடியாகக் குற்றஞ்சாட்டினார். ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தில் இணைந்து, பின்னர் அதன் உபதலைவர்களுள் ஒருவருமானார். 1897 இற் பேசிய குடிமைத் துணிவை 1899 இற் செயலிற் காட்டினார்.

அந்த எதிர்ப்பிலும் மலைகளும் காடுகளும் பேசுகின்றன. 1899 ஜூனில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பெரியவை, பிரமாண்டமானவை எல்லாவற்றுக்கும் தாம் எதிரானவர் என்றார். பாறையின் வெடிப்பிலே நுழையும் மெல்லிய வேரைப் போலவும், துளித் துளியாய்க் கசியும் நீரைப் போலவும், தனிமனிதருக்கிடையே கண்ணுக்குப் புலனாகாது இயங்கும் சக்திகளே காலம் கொடுத்தால் மனிதச் செருக்கின் கற்கோட்டைகளைப் பிளக்கும் என்பது அவர் நம்பிக்கை. காட்டிற் பல காலம் நடந்து, வேர் பாறையைப் பிளந்ததைக் கண்ணாற் கண்டவர் சொல்லும் சொல் இது.

இவ்விடத்து ஜேம்ஸின் கொள்கையை நாம் முழுமையாக ஏற்கின்றோமா என்ற கேள்வி எழும். இல்லை என்பதே நமது விடை. பயன் தருவதைக் கொண்டு உண்மையை அளக்கும் அவரது பயன்வழிக் கொள்கையை 1909 இல் வெளிவந்த தம் நூலில் லெனின் கண்டித்தார். யாருக்குப் பயன் என்ற கேள்வியைக் கேளாதவிடத்து அக்கொள்கை வலியோன் கையிற் கருவியாகிவிடும் என்பது வெளிப்படை. வெற்றி என்னும் தெய்வத்துக்கு அமெரிக்கர் செய்யும் வழிபாட்டை ஒரு தேசிய நோய் என்று 1906 இல் எச்.ஜி.வெல்சுக்கு எழுதிய ஜேம்ஸ், அந்த நோயின் பொருளாதார மூலத்தை ஆராயவில்லை. 1910 இல் அச்சான ‘போருக்கு நிகரான அறம்’ பற்றிய கட்டுரையிலும் இதே குறை உண்டு. செல்வர் வீட்டு இளைஞரை நிலக்கரிச் சுரங்கத்துக்கும், மீன்பிடிக் கப்பலுக்கும், வீதி அமைக்கும் வேலைக்கும் அனுப்பினால், உழைப்பின் கடுமையை அவர்களும் அறிவார்கள், போர்க்குணமும் நல்வழியிற் செலவாகும் என்பது அவர் யோசனை. உயர்ந்த எண்ணமே. ஆனால் 1898 ஆம் ஆண்டுப் போர் இளைஞரின் வீர உணர்ச்சியால் மட்டும் வந்ததா? சந்தைகளைத் தேடிய மூலதனத்துக்கு அதிற் பங்கில்லையா? போரின் வேரை மனித இயல்பிலே தேடிய உளவியலறிஞர் அதனைச் சமூக அமைப்பிலே தேடத் தவறினார்.

நம்மவரோடு அவருக்கிருந்த தொடர்பும் குறிப்பிடற்பாலது. 1896 இல் ஹாவார்டில் உரை நிகழ்த்திய சுவாமி விவேகானந்தரை ஜேம்ஸ் அறிந்திருந்தார். தம் நூல்களில் அவர் கருத்துக்களை எடுத்தாண்டார். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே சுவாமிகள் கொழும்பில் வந்திறங்கி யாழ்ப்பாணத்திலும் பேசியதை நம் முன்னோர் பெருமையோடு நினைவுகூர்ந்தனர். எல்லாம் ஒன்றே என்ற வேதாந்தம் மனத்துக்குத் தரும் அமைதியை ஜேம்ஸ் மதித்தார், ஆனால் ஏற்கவில்லை. உலகம் பன்மையானது, முடிவுறாதது, மனிதன் கைபட்டுத் திருந்தக் கூடியது என்பதே அவர் நிலை. துன்பத்தைத் தோற்றமென்று தள்ளிவிட அவரால் முடியவில்லை.

ஜேம்ஸ் எழுதியவற்றுள் நாம் பெரிதும் போற்றுவது ஒரு சிறு கட்டுரை. மனிதரிடத்துக் காணப்படும் ஒருவகைக் குருட்டுத்தன்மையைப் பற்றியது. வட கரோலினா மலைகளில் ஒருமுறை அவர் பயணம் செய்தபோது, குடியேறிய உழவர்கள் காட்டை அழித்து உண்டாக்கிய வெளிகளைக் கண்டார். பட்ட மரங்கள், கோணல் வேலிகள், அடிக்கட்டைகளுக்கிடையே சோளப்பயிர், களிமண் பூசிய மரக்குடில். இயற்கையின் அழகையெல்லாம் கெடுத்துவிட்டார்களே என்று காட்டை நேசித்த அவர் நெஞ்சு கொதித்தது. வண்டியோட்டியிடம், யார் இப்படிச் செய்கின்றவர்கள் என்று கேட்டார். நாங்கள் எல்லோருந்தான், இப்படியொரு நிலத்தைப் பண்படுத்தாவிட்டால் எங்களுக்கு மகிழ்ச்சியே இல்லை என்ற கருத்தில் அவன் பதிலளித்தான். அக்கணத்தில் ஜேம்ஸின் கண் திறந்தது. தாம் அலங்கோலமெனக் கண்ட இடத்தில் அவர்கள் தங்கள் வியர்வையையும், தங்கள் பிள்ளைகளின் உணவையும், வென்றெடுத்த வாழ்வையும் கண்டார்கள். கோடைக்கு மட்டும் காட்டுக்கு வருகின்ற கனவானுக்கு அது தெரியவில்லை. தம் குருட்டுத்தனத்தைத் தாமே அம்பலப்படுத்தி எழுதிய பேராசிரியர்கள் உலகில் மிகச் சிலரே. பிலிப்பைன்ஸ் மக்கள் மீது தம் நாடு காட்டியதும் இதே குருட்டுத்தனமே என்பதை, அக்கட்டுரை அடங்கிய நூலின் முன்னுரையிலே அவர் 1899 இற் சுட்டிக்காட்டினார். ஒரு வண்டியோட்டியிடம் கற்ற பாடத்தை ஒரு பேரரசுக்கு எடுத்துரைத்தார்.

1909 செப்ரெம்பரில், கிளாக் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த சிக்மண்ட் புரொய்டோடு ஜேம்ஸ் நடந்துகொண்டிருந்தார். இடைவழியில் நெஞ்சுவலி வந்தது. கைப்பையைப் புரொய்டிடம் கொடுத்து, முன்னே நடவுங்கள், வலி நின்றதும் வந்து சேர்கின்றேன் என்றார். அந்த அமைதியைப் புரொய்ட் பல ஆண்டுகளின் பின்பும் மறக்கவில்லை. சில நாட்களின் பின் புரொய்டும் யுங்கும் சென்று தங்கிய இடம், ஜேம்ஸ் இளமையில் நண்பரோடு அமைத்த அந்தக் கீன் பள்ளத்தாக்கு முகாமே.

1910 கோடையில் ஐரோப்பாவிற் சிகிச்சை பயனளிக்காது போகவே, மனைவியும் தம்பி ஹென்றியும் துணைவர அவர் தாயகம் திரும்பினார். நேரே சென்றது சொகோருவாவுக்கு. ஓகஸ்ட் 26 அன்று, பதினான்கு கதவுகள் கொண்ட அந்த வீட்டில், அலிஸின் கரங்களிடையே அவர் உயிர் பிரிந்தது. அறுபத்தெட்டு வயது.

செல்வத்திற் பிறந்தவர், தம் வர்க்கத்தின் எல்லைகளை முற்றாகக் கடக்காதவர், மனைவியின் சுமையை முழுதும் பகிராதவர். இவற்றை நாம் மறைக்கவில்லை. ஆயினும், தம் மனத்தின் இருளை ஆராய்ந்து பிறருக்கு வழி சொன்னவர். மாணவியையும் கறுப்பு இளைஞரையும் தம் அறைக்குள் அழைத்தவர். தம் தேசம் வெற்றிக்களிப்பில் ஆடியபோது தோற்றவர் பக்கம் நின்றவர். அழகிய மலைச்சரிவொன்றைக் கண்டு நாம் மெய்ம்மறந்து நிற்கும்போது, அதனைச் செப்பனிட்ட கைகள் எவருடையவை, அவர்கள் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றுகின்றது என்று ஒரு கணம் கேட்போமாயின், வில்லியம் ஜேம்ஸை நினைவுகூர்வதற்கு அதனினும் பொருத்தமான முறை வேறில்லை.